செட்டிநாட்டு ஆசிரியர் பெயர்களை அடுக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து நூல்களைச் சேர்க்கும் சிறப்பு நூலகங்களில், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி பதின்ம முறைப்படி தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணின் கீழ் வந்துவிடுவதால், கவிதைக்கு 894.8111, புனைகதைக்கு 894.8113 என வடிவவாரியாகப் பிரித்த பின்னரும் ஒரே தட்டில் ஏராளமான நூல்கள் குவியும். அங்கே நூல்களை வேறுபடுத்துவது, ஆசிரியர் பெயரைக் கொண்டு இடும் ஆசிரியர் குறியீடே. நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) பெயர்களில் முன்னே வரும் விலாச எழுத்துகளை (முன்னோர் பெயர்களைக் குறிக்கும் முன்னெழுத்துகளை) வைத்து அடுக்காமல், இயற்பெயரை முதலிலும் முன்னெழுத்துகளை அடுத்தும் எழுதுங்கள். இராமநாதன், சிதம்பரம், அழகப்பன் போன்ற பெயர்கள் தலைமுறை தாண்டித் திரும்ப வருவதால், அந்த எழுத்துகளை விட்டுவிட்டால் பாட்டனும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள். இராமநாதன், ராமநாதன் ஆகிய இரு வடிவங்களில் ஒன்றையே தலைப்பாகக் கொண்டு, மற்றதற்கு, அந்தத் தலைப்பைப் பார்க்கச் சொல்லும் ‘பார்க்க’ அட்டை எழுதுவது மிக அவசியம். கோயில் குடமுழுக்கு விழா மலர் நூல்களை ஊர்ப்பெயரால் அடுக்குவதே, என் கருத்தில், ஆய்வாளருக்கு உதவும்.