புகையான் தாக்கும் நெற்பயிருக்குத் துணை நிற்கும் முறை

நெல் வயலின் நடுவே பயிர் வட்டத் திட்டாகக் காய்ந்து, தீயில் பொசுங்கியது போலத் தெரிந்த பிறகு மருந்துக் கடைக்கு ஓடுவதில் பெரிய பயன் இல்லை. அதற்கு வெகு முன்பே, சாற்றை உறிஞ்சும் பழுப்பு நிறப் பூச்சியான புகையானுக்கும் பயிருக்கும் இடையிலான போராட்டம் தூரின் (நெற்குத்தில் கிளைக்கும் தனித்தண்டின்) அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கிவிடுகிறது.

பூச்சி ஊசி போன்ற வாயுறுப்பை, தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறைக்குள் செலுத்தும்போது சுரக்கும் உமிழ்நீரின் ஒரு பகுதி கெட்டியாகி, அந்த ஊசியைச் சுற்றி உறையாகிறது. பிறகு நீர்த்த உமிழ்நீரைச் செலுத்தியபடி, உணவு கடத்தும் புளோயம் குழாயிலிருந்து சாற்றை உறிஞ்சுகிறது. பயிரும் சும்மா இருப்பதில்லை. துளைபட்ட குழாயின் சல்லடைத் தட்டுகளில் காலோஸ் என்னும் பொருளைப் படியவிட்டு வழியை அடைக்கிறது. எதிர்ப்புத்திறன் உள்ள இரகங்களில் இந்த அடைப்பு நிலைத்திருப்பதால் பூச்சி பட்டினி கிடக்கிறது. மற்ற இரகங்களிலோ காலோஸைச் சிதைக்கும் நொதி செயல்பட்டு, அடைப்பு மீண்டும் திறந்துகொள்கிறது.

புளோயம் சாற்றில் சர்க்கரை மிகுதி, அமினோ அமிலங்கள் குறைவு. ஆகவே பூச்சி அளவுக்கு அதிகமாகக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைத் தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. தூரின் அடியில் கரும்பூசணம் படர்வது இதனால்தான். யூரியாவை அள்ளிப் போட்டால் சாற்றில் அமினோ அமிலங்கள் கூடி, புகையான் அதிக முட்டை இடுகிறது. பயிர் கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்துப் பூரிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் இலை வண்ண அட்டையை வாரம் ஒருமுறை வைத்துப் பார்த்து, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே நிறம் இறங்கும்போது மட்டும் யூரியா போன்ற தழைச்சத்து உரத்தைப் பிரித்து இடுங்கள்.

நடவின்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம், அதாவது நாற்று நடாத இடைவெளி, விடுங்கள். அடித்தூருக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைப்பதுடன், பின்னர் மருந்து தெளிக்க நேர்ந்தால் நடப்பதற்கும் அதுவே வழியாகும். தண்ணீரைத் தொடர்ந்து தேக்காமல், வடித்து வடித்துக் கட்டுங்கள்.

தூர் கட்டும் பருவத்திலிருந்து வயலின் குறுக்கே நடந்து, ஆங்காங்கே குத்துகளைச் சாய்த்து அடியில் தட்டிப் பாருங்கள். பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து துள்ளும். சில, தண்டின் மறுபக்கத்துக்குப் பக்கவாட்டில் நகர்ந்து ஒளிந்துகொள்ளும். புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சியும், குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு பூச்சிகளும் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்போதும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தொடாதீர்கள். இவை சிலந்தியையும், புகையான் முட்டைகளை உண்ணும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடும். புகையானின் முட்டைகளோ இலையுறைத் திசுவுக்குள் பத்திரமாக இருப்பதால், சில நாட்களில் குஞ்சுகள் பொரித்து முன்னிலும் பெருகும். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்ததற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது.

எதிர்ப்பு இரகத்தைத் தேர்ந்தால் பாதிச் சுமை குறையும். ஆயினும் ஒரே இரகத்தை ஊர் முழுவதும் ஆண்டுதோறும் நடுவது ஆபத்து. 1973இல் வெளிவந்த ஐ.ஆர். 26 இரகத்தின் எதிர்ப்பைச் சில ஆண்டுகளிலேயே புகையான் முறியடித்துவிட்டது. தமிழகத்தில் கோ 42, பி.ஒய். 3 ஆகியவை புகையானைத் தாங்கும் இரகங்களாகப் பரிந்துரைக்கப்பட்டவை. விதை கிடைக்கிறதா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள்.

தெளிப்பது என்று முடிவானால் முதலில் வயல் நீரை வடியுங்கள். பூச்சி எண்ணிக்கை எல்லையைத் தொட்ட நிலையில், ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த சாற்றை, 200 லிட்டர் கரைசலாக்கி, சோப்புக் கரைசலும் கலந்து அடிக்கலாம். அதை மீறிப் பெருகியிருந்தால், உறிஞ்சுவதையே நிறுத்திவிடும் பைமெட்ரோசின் போன்ற மருந்தை வேளாண் அலுவலர் சொல்லும் அளவில் பயன்படுத்துங்கள். எதை அடித்தாலும் இலைப் பரப்பை நனைப்பது வீண். பட்டத்தில் நடந்து, தெளிப்பான் முனையைத் தாழ்த்தி, தூரின் அடி நனையும்படி அடிக்க வேண்டும்.