சூ வீட் சமையல்: பைக்குள் நேரும் தவறுகள்

காற்று நீக்கிய பையில் உணவை இட்டு, ஒரே வெப்பநிலையில் நிற்கும் நீரில் நெடுநேரம் வேகவிடும் சூ வீட் முறை 1970களில் பிரெஞ்சு உணவகங்களில் உருப்பெற்றது. இன்று நீரைச் சூடாக்கிச் சுழற்றும் சிறு கருவியைப் பானையின் விளிம்பில் மாட்டி, சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையிலேயே அதைச் செய்துவிடலாம். அக்கருவி நீரின் சூட்டை மட்டுமே காக்கும் என்பதை மறப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

நம்மவர்களுக்கே உரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டிறைச்சியில் பச்சை இஞ்சி பூண்டு விழுதைத் தடவி, அப்படியே பைக்குள் அடைத்து ஒரு நாள் முழுதும் 60 டிகிரியில் விடுகிறோம். இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. கொதிக்கும் குழம்பில் அது விரைவில் செயலிழந்துவிடும், ஆனால் 60 டிகிரிக்கு அருகில் மும்முரமாக வேலை செய்யும். எனவே பையைத் திறக்கும்போது இறைச்சி மென்மையாக அல்ல, கூழாகக் கிடக்கும். அந்தச் சூட்டில் பூண்டின் பச்சை வாடையும் போகாது, மசாலாவும் மணக்காது. விழுதையும் மசாலாவையும் எண்ணெயில் நன்றாக வதக்கி, முற்றிலும் ஆறவைத்த பிறகே பையில் சேர்க்க வேண்டும். எலும்புத் துண்டுகள் பையைக் கிழிக்கும் என்பதால் எலும்பில்லாக் கறியே நல்லது.

அடுத்தது நேரக் கணக்கு. இறைச்சியின் தடிமன் இரு மடங்கானால் மையம் சூடேறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். எடையைப் பார்த்து நேரம் குறிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மூன்று கோழி நெஞ்சுத் துண்டுகளை ஒரே பையில் அடுக்கினால் அவை ஒரே தடித்த துண்டாகிவிடும். கோழியை 60 டிகிரியில் சமைப்பவர்கள், மையம் அந்தச் சூட்டை எட்டிய பிறகும் சுமார் 35 நிமிடம் விட வேண்டும், ஏனெனில் அந்த வெப்பநிலையில் கிருமிகள் உடனே மடிவதில்லை. காற்று மிஞ்சி மிதக்கும் பையின் மேற்பகுதி வேகாமலே நின்றுவிடும் என்பதால், பையை முழுக்க அமிழ்த்த வேண்டும்.

உணவகங்களில் ஆபத்து பெரும்பாலும் சமைத்து முடித்த பின்னர்தான் வருகிறது. முன்கூட்டியே சமைத்த பைகளை மேசையில் ஆறவிடுவதும், குழாய்த் தண்ணீரில் போட்டுவிட்டுக் குளிர்ந்துவிட்டதாக நம்புவதும் வழக்கமாகிவிடக் கூடாது. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும். கிருமிகள் பெருகும் 5 முதல் 60 டிகிரி வரையிலான இடைவெளியை விரைவாகக் கடக்க, பாதிக்குப் பாதி பனிக்கட்டி கலந்த நீர் தேவை. பைகள் சூட்டில் அதை உருக்கும்போதெல்லாம் மேலும் பனிக்கட்டி சேர்க்க வேண்டும். பாட்டுலிசம் எனும் கடும் உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இந்தச் சமையலில் சாவதில்லை. காற்றற்ற பை அவற்றுக்கு உகந்த இடமும்கூட. ஆகவே சேமிக்கும் பைகளை 3 டிகிரிக்குக் கீழே வைப்பதும், தேதி எழுதி ஒட்டுவதும் கட்டாயம். சந்தேகத்துக்குரிய பையை மோந்து பார்த்து முடிவெடுப்பதில் பயனில்லை, அந்தக் கிருமி உண்டாக்கும் நச்சு மணத்தால் தன்னைக் காட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம்.

காய்கறிகளை இறைச்சியோடு ஒரே நீரில் போடுவதும் வீண்: கேரட்டும் உருளைக்கிழங்கும் இளக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும், அதற்குள் இறைச்சி வறண்டுவிடும்.

கடைசியாக, பையிலிருந்து எடுத்த ஈரத்தோடே கறியை வாணலியில் போடுவது. ஈரம் ஆவியாகி முடியும்வரை மேற்பரப்பு சிவக்காது, அதற்குள் பாடுபட்டுக் காத்த உட்பகுதி அளவுக்கு மீறி வெந்துவிடும். காகிதத் துவாலையால் நன்றாக ஒற்றி எடுத்து, புகை எழும் அளவுக்குக் காய்ந்த வாணலியில் பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் புரட்டி எடுத்தால் போதும். பையில் எஞ்சிய சாற்றைக் குழம்பில் நேரே ஊற்றினால் திரிந்து நுரைக்கும். தனியே கொதிக்கவிட்டு வடிகட்டிச் சேர்க்கலாம்.