அந்தரா ஊசியும் நின்றுபோன மாதவிலக்கும்

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தரா கருத்தடை ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். 3 மாதத்துக்கு ஒரு முறை, செலவில்லை. சில மாதங்களில் மாதவிலக்கு நின்றுவிட்டது. மறுபடி கர்ப்பமோ என்ற பயத்தில் தூக்கம் போயிற்று. காலையில் லேசாகக் குமட்டினாலே வயிற்றில் புளியைக் கரைத்தது.

மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி, காலையின் முதல் சிறுநீரைச் சொட்டுவிட்டுப் பார்த்தேன். ‘சி’ என்ற இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு. ‘டி’ வெறுமையாகவே இருந்தது; கர்ப்பமில்லை என்று அர்த்தம். அப்படியும் மனம் அடங்காமல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போனேன். “ஊசி கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. கருப்பையின் உட்சவ்வும் மெலிந்துவிடுகிறது. உதிர ஒன்றுமில்லை, அதனால்தான் வரவில்லை. கெட்ட ரத்தம் எதுவும் உள்ளே தேங்காது அம்மா” என்றார். இதை முதல் ஊசியின்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லியாக வேண்டும்!

இப்போது அடுத்த ஊசிக்கு, ஊசி அட்டையில் குறித்த தேதியிலேயே போய்விடுகிறேன். 4 வாரம் வரை தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கர்ப்பமில்லை என்று உறுதிசெய்த பிறகே போடுவார்கள். சந்தேகம் வந்தால், கடைசியாக உறவு கொண்டு 3 வாரம் கழித்துச் செய்யும் சோதனையை நம்பலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ, ஒத்தடம் கொடுக்கவோ கூடாது.