சர்வர் அமைப்புக் கோப்புகளுக்கு கிட்: 'ஆட்' கொடுக்குமுன் ஒரு நிமிடம்

அமைப்புக் கோப்பைத் திருத்துமுன் 'பழையது', 'பழையது2', 'நேற்றையது' என்று நகலெடுத்து வைப்பவரா நீங்கள்? நானும் அப்படித்தான் இருந்தேன். எஞ்சின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் படுத்துவிட்ட ஓர் இரவில், நான்கு நகல்களில் எது நல்லது என்று தெரியாமல் விழித்த பிறகுதான், கோப்பு மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் கிட் பக்கம் வந்தேன். லினக்ஸ் கருநிரலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கருவி. நிரல் எழுதாதவர்களுக்கும் உதவும்.

நிறுவிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கோப்புறைக்குள் போய் 'கிட் இனிட்' கொடுங்கள், அது கிட்டின் களஞ்சியமாகிவிடும்.

அடுத்தது, பதியவேண்டிய கோப்புகளைச் சேர்க்கும் 'கிட் ஆட்' என்பார்கள். பொறுங்கள், நான் இடறியது இங்கேதான். 'கிட் ஆட்' போட்டு ஒரு புள்ளியும் வைத்தால் எல்லாம் உள்ளே போகும். போயிற்று, தரவுத்தளக் கடவுச்சொல் இருந்த கோப்பும் சேர்ந்தே. கமிட்டும் செய்துவிட்டேன், அதாவது வரலாற்றில் பதித்துவிட்டேன். பதறிப்போய், கிட் ஒதுக்கவேண்டியவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் அதன் பெயரை எழுதினேன், பலனில்லை. ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள கோப்பை கிட்இக்னோர் சீண்டாது. 'கிட் ஆர்எம்' கட்டளையோடு 'கேச்டு' தெரிவைச் சேர்த்து, பிறகு கமிட் செய்தால் கண்காணிப்பு நீங்கும், கோப்பு வட்டில் தங்கும். அப்போதும் பழைய கமிட்டில் கடவுச்சொல் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். வெளியே புஷ் செய்திருந்தால் (வேறு சர்வருக்கு அனுப்பியிருந்தால்) வரலாற்றைச் சுத்தம் செய்வது அப்புறம். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஆகவே முதலில் கிட்இக்னோரை எழுதுங்கள் (பெயர் புள்ளியில் தொடங்க வேண்டும்). பிறகு ஒவ்வொரு கோப்பையும் பெயர் சொல்லி 'ஆட்' செய்யுங்கள். 'கிட் டிஃப்' கட்டளையை 'ஸ்டேஜ்டு' தெரிவோடு ஓட்டினால் கமிட்டுக்குள் போகப்போவது வரிவரியாகத் தெரியும். வரைகலைச் செயலிகளில் இதைப் பார்க்காமலே பொத்தானை அழுத்திவிடுகிறோம். எனக்குக் கட்டளை தட்டும் முனையமே போதும்.

கமிட் செய்தியில் 'மாற்றம்' என்று மட்டும் எழுதுவது பாவம். 'காத்திருப்பு 30 நொடியிலிருந்து 60: பெரிய பதிவேற்றங்கள் பாதியில் அறுகின்றன' என்று காரணத்தோடு எழுதுங்கள்.

மாற்றம் சொதப்பினால் 'கிட் ரிவர்ட்'. பழைய கமிட்டை அழிக்காமல், அதற்கு எதிரான புதிய கமிட்டைப் போடும். 'ரீசெட் ஹார்ட்' கமிட் செய்யாத திருத்தங்களையும் விழுங்கிவிடும், பழகும்வரை தொடாதீர்கள். ரிவர்ட் கோப்பை மட்டுமே மாற்றும். சேவையை மறுஏற்றம் செய்வது உங்கள் வேலை.

பின்சேர்க்கை: 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) என்று பூட்டியிருந்த கோப்பு, ரிவர்ட்டுக்குப் பின் 644 (எல்லோரும் படிக்க) ஆகத் திறந்துகிடப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். இயக்க அனுமதி உண்டா இல்லையா என்பதை மட்டுமே கிட் நினைவில் வைக்கும். உரிமையாளர் யார் என்பதையும் அது குறித்துவைப்பதில்லை. இரண்டையும் மீட்டமைக்க ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி, அதையும் களஞ்சியத்திலேயே வைத்துவிட்டேன்.