பச்சை லைட்டை நம்பாதீங்க: ஃபைட்டோகுரோம் சோதனையில் தவிர்க்க வேண்டியவை

தை பிறந்தால் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரிகளில் புராஜெக்ட் காய்ச்சல் தொடங்கிவிடும். ஒளியுணர் புரதங்களைத் தலைப்பாக எடுக்கும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கோளாறுகளையே அச்சு பிசகாமல் செய்கிறார்கள். லேபிள் ஒட்டாதது, கை கழுவாதது பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை.

பச்சை வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இருட்டில் இருக்கும் நாற்றைப் பார்க்கப் பச்சைக் காகிதம் சுற்றிய டார்ச் போதுமாம். இலைதான் பச்சையைத் திருப்பி அனுப்பிவிடுகிறதே என்று காரணமும் சொல்வார்கள். இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். வெளிச்சம் வந்துவிட்டது என்று செடிக்குச் சொல்வது ஃபைட்டோகுரோம். இரண்டும் வேறு வேறு நிறமி. இருட்டில் முளைத்த பயற்றில் பச்சையமே இருக்காது; ஃபைட்டோகுரோம் ஏ மட்டும் குவிந்து கிடக்கும். அது 660 நானோமீட்டர் சிவப்பில் நன்றாக உறிஞ்சும். பச்சையில் குறைவுதான், ஆனாலும் உறிஞ்சும். முழு இருட்டில் கிடந்த நாற்று மங்கலான வெளிச்சத்துக்கே விழித்துக்கொள்ளும்.

ஒரு பையன் லெட்டூஸ் (சாலட் கீரை) விதை வைத்திருந்தான். 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் செய்து காட்டிய அதே சோதனை: சிவப்பு காட்டினால் முளைக்கும், அடுத்து ஃபார்-ரெட், அதாவது சிவப்பின் கடைசி ஓரத்து ஒளி காட்டினால் முளைப்பு நின்றுவிடும், கடைசியில் எது பட்டதோ அதன் பேச்சுதான் செல்லும். இவனுக்கோ இருட்டுத் தட்டெல்லாம் முளைத்துக் கிடக்கிறது.

“ஏல, இருட்டுலதான வச்ச?”

“ஆமா சார். தெனமும் பச்ச லைட்டுல ஒரு தடவ பாத்தேன், அவ்வளவுதான்.”

விதை ரகத்தின் மேல் சந்தேகம் வந்தது. ரகத்துக்கு ரகம் வெளிச்சத் தேவை மாறும் என்பதும் உண்மைதான். நல்லவேளை, அலமாரி மூலையில் அவன் திறக்க மறந்த தட்டு ஒன்று இருந்தது. அதில் ஒன்றிரண்டு விதை தவிர எதுவும் முளைக்கவில்லை. புராஜெக்ட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

தினமும் பார்த்தே ஆகவேண்டும் என்றால், நாளுக்கு ஒன்றாகக் கூடுதல் தட்டு வையுங்கள். திறந்த தட்டை எண்ணிவிட்டுத் தூரப் போடுங்கள், மறுபடி உள்ளே வைக்காதீர்கள். கொடைக்கு முளைப்பாரி போடும் அக்காமார் கண்டவரையும் அறைக்குள் விடுவதில்லை. பயிர் வெளிறிப்போய் நெடுநெடுவென்று நிற்கும். நம் ஆய்வகத்தில்தான் ஆளாளுக்குக் கதவைத் திறக்கிறார்கள்.

கலர் காகிதம்

நீலம், பச்சை, சிவப்பு என்று கடையில் வாங்கும் கண்ணாடிக் காகிதங்கள் பெரும்பாலும் 730 நானோமீட்டர் ஃபார்-ரெட்டைத் தாராளமாக உள்ளே விடும். நம் கண்ணுக்கு அது சரியாகத் தெரியாததால் நீலம் மட்டுமே விழுகிறது என்று நம்பிவிடுகிறோம். ஃபார்-ரெட் நிறைய இருக்கும் குண்டு பல்போ வெயிலோ பின்னால் இருந்தால் கதை முடிந்தது. 660, 730 என்று குறித்து விற்கும் எல்இடி வாங்குங்கள்.

லக்ஸ் மீட்டர்

வெளிச்சத்தை மனிதக் கண்ணுக்குத் தெரிகிற கணக்கில் அளக்கச் செய்தது. செடிக்கு வேண்டாம்.

ஏசி இல்லாத அறையில் லெட்டூஸ்

நம்மூர்ச் சூட்டில் சிவப்பு காட்டினாலும் முளைக்காது.

பாக்டீரியாவைச் செடி மாதிரியே நடத்துவது

சில பாக்டீரியாவிலும் ஃபைட்டோகுரோம் உண்டு. அதன் ஜீனை மட்டும் ஆய்வகத்தில் புரதம் தயாரிக்க வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் போட்டுவிட்டு, புரதம் நிறமில்லாமல் வருகிறதே என்று கேட்பார்கள். ஒளியைப் பிடிப்பது அதனோடு ஒட்டும் பிலிவெர்டின் என்ற நிறமி. ஆய்வக ஈ. கோலை அதைத் தயாரிக்காது. அதைத் தயாரிக்கும் ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதியின் ஜீனையும் சேர்த்துப் போடவேண்டும், அல்லது பிலிவெர்டினை வெளியிலிருந்து கலக்கவேண்டும்.

இன்னொன்று, ஃபைட்டோகுரோமுக்குச் சிவப்பை உறிஞ்சுவது, ஃபார்-ரெட்டை உறிஞ்சுவது என்று இரண்டு வடிவம் உண்டு. இருட்டில் எப்போதும் சிவப்பை உறிஞ்சும் வடிவம்தான் இருக்கும் என்று செடிப் பாடத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அக்ரோபாக்டீரியத்தில் இரண்டு ஃபைட்டோகுரோம் உண்டு. ஒன்று அப்படித்தான், மற்றொன்று இருட்டில் ஃபார்-ரெட்டை உறிஞ்சும் வடிவத்துக்குத் திரும்பும். சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் இருப்பதும் இந்த இரண்டாவது வகைதான். ஆகவே மாதிரியை ஓர் இரவு இருட்டில் வைத்து ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பார்த்த பிறகு, இருட்டில் எந்த வடிவம் எதுவாக மாறுகிறது என்று படத்தில் அம்புக்குறி போடுங்கள்.