சான் ஸ்விட்சில் ரூட்டிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு சர்வர் அறை. சனிக்கிழமை இரவு, சானில் (சர்வர்களை ஸ்டோரேஜோடு இணைக்கும் தனி நெட்வொர்க்) இருந்த ப்ரோகேட் கம்பெனி ஸ்விட்ச் ஒன்றில் ரூட்டிங் பாலிசியை, அதாவது டேட்டா எந்த லிங்க் வழியாகப் போக வேண்டும் என்ற விதியை, மாற்ற உட்கார்ந்தேன். அதை மாற்ற ஸ்விட்சையே டிஸேபிள் செய்தாக வேண்டும். ஒவ்வொரு சர்வரும் 'ஏ', 'பி' என்ற இரண்டு ஃபேப்ரிக்கில் (தனித்தனி ஸ்விட்ச் வலை) இணைந்திருக்கும்; 'ஏ' படுத்தால் 'பி' தாங்கிக்கொள்ளும் என்ற தைரியம். இரண்டு நிமிடத்தில் போன்: "சார், டேட்டாபேஸ் போச்சு." அந்த சர்வரின் 'பி' பக்கத்து கேபிள் எப்போதோ கழன்றிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். இப்போதெல்லாம் ஒவ்வொரு சர்வரிலும் ஸ்டோரேஜுக்கான பாதைகளைக் காட்டும் மல்டிபாத் மென்பொருளைத் திறந்து, இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்விட்சில் கை வைக்கிறேன். ஒரு ஃபேப்ரிக் முடிந்து எல்லாப் பாதையும் திரும்பி வந்தால்தான் அடுத்தது.

சரி, அந்தப் பாலிசியை மாற்றத்தான் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம்.

காட்பாடியிலிருந்து வேலூருக்குள் வரப் பாலாற்றைத் தாண்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாலம், அதாவது ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு லிங்க், இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலில் கிளம்பும் வண்டியெல்லாம் எப்போதும் முதல் பாலத்தில்தான் போக வேண்டும் என்றால் அது போர்ட் வாரியான ரூட்டிங், பாலிசி 1. முதல் பாலம் திணறும்போதும் இரண்டாவது காலியாகக் கிடக்கலாம். எக்ஸ்சேஞ்ச் (ஒரு படிப்பு அல்லது எழுத்துக்கான முழுப் பரிமாற்றம்) வாரியான ரூட்டிங், அதாவது பாலிசி 3, சவாரிக்குச் சவாரி பாலத்தைத் தேர்ந்தெடுக்கும். அனுப்புபவர், பெறுபவர், எக்ஸ்சேஞ்ச் எண் மூன்றையும் வைத்து முடிவு செய்வதால், ஒரே கல்யாண வீட்டு வேன்கள் பிரியாமல் வரிசையாகவே போய்ச் சேரும். ப்ரோகேடில் வரும்போதே இருப்பது 3தான். மெயின்ஃபிரேம் பயன்படுத்தும் ஃபைகான் இணைப்பு இருந்தாலோ, ஸ்டோரேஜ் கம்பெனியின் ஆவணம் ரெப்ளிகேஷனுக்காக (டேட்டாவை இன்னொரு ஸ்டோரேஜில் நகலெடுப்பது) வெளிப்படையாகக் கேட்டாலோ மட்டும் மாற்றுங்கள். பழைய ஸ்விட்சில் 1 இருந்தது என்பதற்காகப் புதியதிலும் 1 போடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

சிஸ்கோவின் எம்டிஎஸ் சான் ஸ்விட்சில் இதே தேர்வு ஸ்விட்சுக்கு அல்ல, விசானுக்கு (ஸ்விட்சுக்குள் பிரித்த மெய்நிகர் சான்) விசான். ப்ரோகேட் பழகியவர்கள் ஒரு விசானில் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

அடுத்த தவறு கண்ணெதிரிலேயே இருக்கும். இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே ட்ரங்க் (பல லிங்க்குகள் சேர்ந்து ஒன்றாக வேலை செய்வது) வேண்டும் என்று 7, 8 போர்ட்டுகளில் கேபிள் செருகுவார்கள். பக்கத்துப் பக்கத்துத் துளைகள்தான். ஆனால் எட்டெட்டாகப் பிரிந்த ஸ்விட்சில் 0 முதல் 7 வரை ஒரு குழு, 8 முதல் 15 வரை இன்னொன்று. ட்ரங்க் உருவாகாது, இரண்டு தனி லிங்க்காகவே நிற்கும். எர்ரர் எதுவும் வராது, அதுதான் கொடுமை. ட்ரங்க்ஷோ கட்டளை போட்டுப் பார்த்தால்தான் வெளிச்சமாகும். கேபிள்களின் நீள வித்தியாசமும் 30 மீட்டருக்குள் இருப்பது நல்லது.

8 ஜிபி (நொடிக்கு கிகாபிட்) வேகத்தில் ஒரு லிங்க், 16 ஜிபியில் ஒரு லிங்க் என்று கலந்து விடுவதும் உண்டு. ப்ரோகேடில் 2 ஜிபிக்கு மேல் எந்த வேகமானாலும் லிங்க் காஸ்ட் 500தான். காஸ்ட் குறைந்த வழியைத் தேடும் ரூட்டிங் முறையான எஃப்எஸ்பிஎஃப் கண்ணுக்கு மாட்டு வண்டியும் லாரியும் ஒன்று. வேகமான வழியிலேயே போகட்டும் என்றால் மெதுவானதன் காஸ்ட்டை நீங்களே ஏற்ற வேண்டும், அதுவும் இரண்டு முனையிலும்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று இன் ஆர்டர் டெலிவரியை (ஃபிரேம் எனும் டேட்டா துண்டுகள் வரிசை மாறாமல் போய்ச் சேர வைக்கும் அமைப்பு) ஆன் செய்பவர்களும் இருக்கிறார்கள். லிங்க் ஒன்று விழுந்து வழி மாறும்போது, பழைய ஃபிரேம்கள் வடியும் வரை புதிய வழி திறக்கத் தாமதமாகும். கேட்காத சாதனத்துக்கு அது வெறும் தண்டம்.

ராணிப்பேட்டைத் தொழிற்சாலைக்கு ஃபைபர் இழுத்தவர்களுக்கு ஒன்று. ரூட்டிங் சரியாக இருந்தும் வேகம் வராவிட்டால் பஃபர் கிரெடிட்டை (பதில் வருமுன் எத்தனை ஃபிரேம் அனுப்பலாம் என்ற எண்ணிக்கை) பாருங்கள். முழு அளவு ஃபிரேமுக்கு, கிலோமீட்டரை ஜிபி வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தோராயக் கணக்கு கிடைக்கும். ஃபைபர் நீளம் 25 கி.மீ., வேகம் 16 ஜிபி என்றால் 200 கிரெடிட். சின்ன ஃபிரேம்கள் அதிகம் ஓடும் இடத்தில் 200கூடப் பற்றாது.