தனூபியோ ரொட்டியில் சீஸ் வழியாமலிருக்க

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தார் விருந்துகளில் பிய்த்துப் பகிர்ந்துண்ணும் தனூபியோ என்னும் உப்புச்சுவை பிரியோஷ் (முட்டையும் வெண்ணெயும் சேர்த்த மென்மையான) ரொட்டியின் ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் சீஸும் பன்றியிறைச்சித் துண்டும் இருக்கும். பெரும்பாலும் சீஸின் ஈரம்தான் ரொட்டியைக் கெடுக்கிறது. ஆகவே புரோவோலா என்னும் இத்தாலியச் சீஸைப் பொடியாக நறுக்கி, வடிகட்டியில் ஒரு மணி நேரமாவது வைத்து நீரை வடியவிடுங்கள்.

ஒருமுறை உப்பிய மாவில் சுமார் 30 கிராம் எடுத்துத் தட்டி, நடுவில் பூரணம் வைத்து, ஓரங்களைக் கூட்டி இறுகத் திருகி, அந்தத் திருகிய பக்கம் அடியில் இருக்குமாறு வட்டத் தட்டில் விரற்கடை இடைவெளி விட்டு அடுக்குங்கள். இரண்டாம் முறை மாவு உப்பும்போது உருண்டைகள் தாமாகவே ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். நெருக்கி அடுக்கினால் நடுவிலுள்ளவை சரியாக வேகா. மேலே முட்டை தடவி, 180 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 25 நிமிடங்கள், பொன்னிறமாகும் வரை சுடுங்கள். இளஞ்சூட்டில் பிய்த்தால் சீஸ் நூலாக இழுபடும்.